அண்ணே, எறங்கணும்!

முன்பின் தெரியாத ஒருவன் பங்களா கட்டினால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தவன் கட்டினால்தான் வயிறு எரிகிறது. என் நிலைமை இதைவிட மோசம். ஒரு பாடகன் புகழ் பெற்றபோது, முதலில் எனக்கு அவன்மேல் பொறாமை வரவில்லை. அவன் பாட்டைக் கேட்க வந்த மற்றவர்கள்மேல் வந்தது. அவன்மேல் பிறகு வந்தது. அதற்கு ஒரு பெண் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, டயர் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலமானால் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், அரிசி மூட்டைகளை மூலைக்குத் தள்ளிவிட்டு, 'கறுப்புக் குடை' என்ற பெயரில் நான்கு பேர் பாடுவார்கள். சினிமாப் பாட்டு கிடையாது. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சில நாள் சொந்தமாகவே தப்பாகவும் பாடுவார்கள். டிக்கெட் எல்லாம் இல்லை. கீழே எதையாவது வாங்கினால் மேலே ஏறலாம். ரயில் போகும்போது மாடி ஆடும். டிரம்ஸ் வாசிப்பவர் அந்த ஆட்டத்தையே தாளமாகப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார்.

பாடகன் பெயர் சேகர். என் வயதுதான். அவனுடைய பாட்டு ஒன்று மினிபஸ்ஸைப் பற்றியது. தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்க்கொண்டிருப்பவனின் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியங்களும் ஒரு மூச்சு நேரம் நிற்கும். ஒரு சனிக்கிழமை அந்த அமைதியில், கூட்டத்தில் நசுங்கிக் கொண்டு கண்டக்டரிடம் கத்துவதுபோல, "அண்ணே, எறங்கணும்!" என்று கத்திவிட்டேன். மாடியே சிரித்தது. சேகரும் சிரித்துக்கொண்டே பாடினான். அடுத்த வாரம் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினான். கத்தினேன். அதற்கடுத்த வாரமும். நாளடைவில் அந்தப் பாட்டில் பாதி என்னுடையது என்று நம்பத் தொடங்கினேன். (பாதி என்று சொல்வது அடக்கத்தினால்.)

பிறகு அவர்கள் கேசட் போட்டார்கள். கேசட்டில் என் குரல் இல்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல் வந்தது. நான் அந்தப் புல்லாங்குழல்காரரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கேசட் ஓடியது. மாடி போதாமல் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். அங்கே டிக்கெட் வைத்தார்கள். ஒருநாள் செராஸ் போகும் பஸ்ஸில் பள்ளிக்கூட யூனிபோர்ம் போட்ட ஒரு பெண் தன் தோழியிடம், "எங்க சேகர் என்னமா எழுதுறாரு, இல்ல?" என்றாள். எங்க சேகர்! கொடியில் காயப்போட்ட என் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நடப்பதுபோல இருந்தது. நீ அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, என் நிறுத்தம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் வசந்தி. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. எல்லாருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருந்தோம். எங்கள் இருவரையும் கொஞ்சம் பேச விட்டார்கள். டயர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நீங்க கறுப்புக் குடை பாட்டு கேப்பீங்களா?" என்றாள்.

"சேகரா? நம்ம கூட்டாளிலா அவன்!" என்றேன்.

அப்படி ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்ததை நான் அதுவரை பார்க்கவில்லை. எனக்கும் உள்ளே குளிர்ந்தது. பிறகுதான் உறைத்தது, அது எனக்கு வந்த வெளிச்சமில்லை. அன்றிலிருந்து நான் மேருவுக்குப் போகும்போதெல்லாம் அவள் சேகரைப் பற்றித்தான் கேட்டாள். அவருக்கு என்ன கலர் பிடிக்கும்? பேசும்போதும் அந்தக் குரல்தானா? நான் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பொய் சொல்லிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் நான். வெட்கப்படுவது அவனை நினைத்து.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. கறுப்புக் குடை, கோலாலம்பூரின் பெரிய மண்டபம் ஒன்றில், ஞாயிறு மாலை. டிக்கெட்டில் மூன்று கலர். மேடைக்கு முன்னால் சிவப்பு. அதன் விலை என் மாத வாடகையைத் தொட்டது. ஒரு பானத்துக்குக் கேட்ட பாட்டு! கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "இதே பாட்டை நான் தே தாரிக் விலைக்குக் கேட்டிருக்கேன்" என்றேன். "அப்ப அங்கயே போய்க் கேளுங்க அண்ணே, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்றாள்.

மூன்று மஞ்சள் டிக்கெட் வாங்கினேன். மஞ்சள் என்றால் பால்கனியின் கடைசி வரிசை. வசந்தியிடமும் அவள் அம்மாவிடமும் (அவரை அப்போதே அத்தை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்), "டிக்கெட்டு சும்மா பேருக்கு. அங்க போயி சேகர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முன்னால உக்கார வச்சிடுவான்" என்றேன்.

வாசலில் இருந்த காவலாளியிடம், அத்தைக்கும் கேட்கும்படி, "பாஸ், குணா வந்திருக்கேன்னு சேகர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கக்கூட இல்லை. "இன்னைக்கு வந்த எல்லாருமே சேகரோட கூட்டாளிதான் பாஸ். உங்க டிக்கெட் என்ன கலரு?"

படி ஏறினோம். அத்தைக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் கீழே எட்டிப் பார்த்து, "மாப்ள, இங்கேருந்து பாத்தா எல்லாருடைய தலையும் நல்லாத் தெரியுது. பாடுறவரத்தான் காணோம்" என்றார். வசந்தி கையிலிருந்த மஞ்சள் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

சேகர் வந்தான். வெள்ளைக் கோட்டு. பின்னால் வயலின் வாசிக்கவே ஒரு வரிசை ஆட்கள். கூட்டம் கத்திய கத்தலில் வசந்தியும் எழுந்து நின்று கத்தினாள். எல்லாப் பாட்டும் அவளுக்கு வரிக்கு வரி தெரிந்திருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, மாடியில் இந்தப் பாட்டு இன்னும் நன்றாக இருந்தது, அந்தப் பாட்டு இன்னும் வேகமாக இருந்தது என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அவள் கைப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

மினிபஸ் பாட்டு வந்தது. அடையாளமே தெரியவில்லை. பஸ் பாட்டைப் பிடித்து மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கியிருந்தார்கள். வயலின்கள் அழுதன. வசந்தியின் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. இரு, இந்தப் பாட்டு யாருடையது என்று இப்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சரணம் முடிந்தது. வயலின்கள் நின்றன. விளக்குகள் மங்கின. முன்பு ஒரு மூச்சாக இருந்த அமைதியை நன்றாக நீட்டி வைத்திருந்தார்கள். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று, வயிற்றின் அடியிலிருந்து குரலை எடுத்து,

"அண்ணே! எறங்கணும்!"

என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை தலைகளும் பால்கனியைத் திரும்பிப் பார்த்தன. பிறகு எங்கிருந்தோ ஒரு விளக்கு தேடிக்கொண்டு வந்து என் மூஞ்சிமேல் நின்றது. கீழே சேகர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னான்: "மேல யாருக்கோ முடியல போலருக்கு. எறங்கணும்னு சொல்றாரு. கொஞ்சம் வழி விட்டு உதவி பண்ணுங்க, ப்ளீஸ்."

முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு படிகளில் ஓடி வந்தார்கள். ஒருவர் சீனர், "ரிலேக்ஸ் பாங், ரிலேக்ஸ்" என்று மலாயில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டே என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மற்றவர் பெரிய மீசை வைத்த நம்மாள். என் காலைத் தூக்கினார். எனக்கு ஒன்றுமில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றுமில்லாமல் எதற்குக் கத்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? முட்டாளாக நிற்பதைவிட நோயாளியாகப் படுப்பது மேல் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் எனக்காகக் கைதட்டியது.

என்னைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்த இடம் மேடைக்குப் பின்னால் இருந்த முதலுதவி அறை. (ஆக, வசந்தியையும் அத்தையையும் சொன்னபடி மேடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.) நெற்றியில் ஈரத் துணி போட்டார்கள். கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அப்போது அத்தையின் குரல் கேட்டது. மீசைக்காரரிடம் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, இது வலிப்பு மாதிரி ஏதாச்சுமா? அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கோம். அவங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல. பொண்ணு வாழ்க்கை பாருங்க."

துணியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "அத்தை, எனக்கு ஒரு வியாதியும் இல்ல!"

"அப்புறம் ஏன் கத்துனீங்க?"

ஒரு பக்கம் நோய், ஒரு பக்கம் பைத்தியம். இரண்டில் எதைச் சொன்னாலும் கல்யாணம் போச்சு. அதற்குள் கதவு திறந்தது. இடைவேளை. வெள்ளைக் கோட்டு வியர்வையில் நனைந்து, சேகர் நின்றான்.

"அங்கிள், இப்ப பரவால்லையா?" என்றான்.

அங்கிள்! எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அத்தை அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "தம்பி, இவரு உங்க கூட்டாளியாமே?" என்றார்.

சேகர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த அறையில் ஒரு மின்விசிறி இருந்தது, அது சுற்றும்போது கடகடவென்று சத்தம் போடும் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயோ!" என்று திடீரென்று துள்ளினான். "மீ கோரேங்!"

"என்னது?" என்றாள் வசந்தி.

"இவருதான் சிஸ்டர், மீ கோரேங்! கடை மாடியில என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து மீ கோரேங் சாப்புடுவாரு. அந்த வாசனையில எனக்கு வரி மறந்துடும். பேரு தெரியாது, நாங்க மீ கோரேங்னுதான் சொல்வோம். பாஸ், அந்த 'எறங்கணும்' நீங்கதானா? இப்ப லைட்டு கண்ணுல அடிக்கிறதுல யாரு மூஞ்சியும் தெரிய மாட்டேங்குது."

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அவன் பாட்டில் பாதிக்குச் சொந்தக்காரனாக இருந்தவன் நான். அவனுக்கு நான் ஒரு தட்டு வறுத்த நூடுல்ஸ்.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "பொறாமை, அத்தை" என்றேன். "நான் முதல்லயே கேட்ட பாட்டு. இப்ப ஊரே கேக்குது. உங்க பொண்ணும் இவரைப் பத்தியே கேக்குறாங்க. தாங்க முடியல, கத்திட்டேன்."

அத்தை சேகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கேசட்டுல அந்த மாதிரி இல்லையே. மாடியில எப்படிப் பாடுவீங்க?" என்று கேட்டாள். கேட்டது சேகரை. பார்த்தது என்னை.

சேகர் நாற்காலியில் தாளம் போட்டு, பழைய வேகத்தில், இரண்டாவது சரணத்தைப் பாடினான். வயலின் இல்லை, விளக்கு இல்லை. நிறுத்தினான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் மானம் போனது போனதுதான் என்று முழு மூச்சோடு கத்தினேன்.

கதவு படாரென்று திறந்தது. "ரிலேக்ஸ் பாங்!" என்று ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அத்தை என் வார்த்தையை மட்டும் நம்பிப் பெண் கொடுத்துவிடவில்லை. நிச்சயத்துக்கு முந்திய வாரம் கிள்ளானில் தமக்குத் தெரிந்த டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "பரம்பரை வியாதி ஏதாச்சும் இருக்கான்னு நல்லாப் பாருங்க டாக்டர். பொறக்கப்போற புள்ளைங்களுக்கு வந்துடக் கூடாது" என்றார். டாக்டர் என்னைத் தட்டிப் பார்த்து, மூச்சை இழுக்கச் சொல்லி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "ஸ்ட்ரெச்சர் வரச் சொல்லவா?" என்றுதான் கேட்பார்கள். சேகர் சில வருஷங்களில் பாட்டை விட்டுவிட்டு ஏதோ வியாபாரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதில் எனக்குப் பொறாமை இல்லை.

போன மாதம் என் மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். ஒரு காப்பிக் கடையின் பின்கட்டில் பாடும் குழு ஒன்றை அவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்கள் இப்போது பெரிய அரங்கத்துக்குப் போகிறார்களாம். டிக்கெட் விலையைச் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவள் கோபம் விலைமேல் இல்லை.

"முன்னாடி நாங்க கொஞ்ச பேருதான்ப்பா. இப்ப ஆபீஸ்ல யார் யாரோ 'எங்க பேண்ட், எங்க பேண்ட்'ங்குறாங்க. அவங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மாமியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வசந்தியைக் கூப்பிட்டார்.

"அந்தக் கிள்ளான் டாக்டரு அன்னைக்குச் சரியாப் பாக்கலடி."