ஐஸ் பெட்டியில் சீம்பால் வைத்தது நான்தான்

நாமகிரிப்பேட்டை,
20-2-1984.

மகா கனம் பொருந்திய புரொபசர் அம்மா அவர்கள் சமூகத்துக்கு, மஞ்சள் விவசாயி அர்த்தநாரி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் ஆத்தாயியும் கன்று போட்ட மாடும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தாங்கள் வளர்த்து வரும் கிருமிகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று கோருகிறேன். தங்களிடம் ஆராய்ச்சி செய்கிற வசந்தாமணி எங்கள் ஒரே மகள்; எங்களுக்கு அவள் பாப்பா.

இது நிற்க. போன வியாழக்கிழமை தாங்கள் மீட்டிங்குக்குப் போயிருந்த சமயம், ஐஸ் பெட்டியில் இருந்த குப்பிகளைத் தானே வெளியில் எடுத்து வைத்து மறந்துவிட்டதாகப் பாப்பா தங்களிடம் சொல்லியிருப்பாள். தயவுசெய்து நம்ப வேண்டாம். எடுத்தவன் நான்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் மாடு தை கடைசியில் கிடாரிக் கன்று போட்டது. பாப்பாவுக்குச் சீம்பால் என்றால் உயிர். நாலு வருஷமாக எப்போது மாடு கன்று போட்டாலும் அவள் ஊரில் இருப்பதில்லை. அதனால் ஆத்தாயி வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, தூக்குப்போசியில் அடைத்து, "கெட்டுப்போறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேத்திருங்க" என்று என்னைச் சேலத்துக்கு ரயிலேற அனுப்பினாள். போசியை மடியை விட்டு இறக்காமல் மதராஸ் வந்து சேர்ந்தேன். காலேஜுக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரை டாக்டரென்று நினைத்து என் முழங்கால் வலியைப் பூராவும் சொல்லிப்போட்டேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க பாக்கற கிருமிக்கு முழங்காலே கிடையாதுங்களே ஐயா" என்றார். அதற்குள் பாப்பா ஓடி வந்து என்னைத் தங்கள் அறையில் உட்கார வைத்து, "எதையும் தொடாதீங்கப்பா, ஹாஸ்டல்ல உங்களுக்குச் சாப்பாட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று போனாள்.

எதையும் தொடாதீங்க என்று அவள் சொன்னது மெய். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வெயில் ஏறிக்கிட்டே இருக்குதுங்க, போசிக்குள்ள லேசாப் புளிச்ச வாடை வர்ற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம், மூலையில ஆளுயரத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி நிக்குது. திறந்து பாத்தா சுண்டுவிரல் தண்டிக் குப்பிங்க, ஒரு பலகையில வரிசையாச் சொருகி வெச்சிருக்குது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டுத் தண்ணி. இத்தனூண்டு தண்ணிக்கு இத்தனை பெரிய பெட்டியான்னு நினைச்சு, பலகையை எடுத்து ஜன்னலோரம் வெச்சுட்டு, போசியை உள்ள வெச்சு, கதவைப் பத்திரமாச் சாத்திப்போட்டு உக்காந்தேன். ராத்திரி ரயில்ல தூங்காம வந்த அசதியில கண்ணசந்துட்டேன்.

வார்டன் அம்மாவுக்குக் காத்திருந்து பாப்பா திரும்பி வரும்போது மணி மூணு. ஜன்னல் வெயில் அத்தனை குப்பி மேலயும் உளுந்து கெடந்துது.

ஒரு வார்த்தை திட்டலீங்க. குப்பியை ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பாத்தா. அந்த முழங்கால் டாக்டர் உள்ள வந்து, "ஐயையோ, யாரு இதை வெளிய எடுத்தது?" என்றார். "நான்தான் எடுத்து வெச்சு மறந்துட்டேன்" என்றாள் பாப்பா. நான் பக்கத்துலயே நிக்கறேனுங்க. ஊர்க் கூட்டத்துல எனக்கு மைக் வேண்டாம்பாங்க, அவ்வளவு சத்தமாப் பேசறவன். அன்னிக்கு எனக்கு வாயே வரலை.

சாயந்திரம் ரயிலடியில் கேட்டேன். "அந்தத் தண்ணி என்ன கண்ணு?"

"தண்ணி இல்லீங்கப்பா. நம்ம உடம்புலயும் சரி, கிருமிலயும் சரி, புரதங்கறது சின்னச் சின்னத் துண்டா வரிசை மாறாமக் கோத்தது. எழுதி வெச்ச வரிசையைப் படிச்சு, அதுக்கேத்த துண்டை எடுத்தாந்து குடுக்கறதுக்கு டி.ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்குது. அது படிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே பொடிசா ஒரு ரசாயனம் ஒட்டியிருக்கும். அது இருந்தா ஆடாம நின்னு சரியாப் படிக்கும். இல்லீன்னா சில சமயம் எழுத்தை மாத்திப் படிச்சு வேற துண்டைக் கொண்டாந்துரும். அந்த ரசாயனம் ஒட்டாத கிருமியை வளர்த்து, தப்பு எத்தனை கூடுதுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்."

"மஞ்ச மூட்டை மேல போட்ட சாயக்குறி மழையில அழிஞ்ச மாதிரியா அம்மிணி?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்கப்பா. ஆனா குறி அழிஞ்சா உங்க மூட்டை மண்டியிலயே நின்னுரும். இது நிக்காது. தப்பான எடத்துக்குத் தைரியமாப் போயிரும்."

"எத்தனை நாள் வேலை அது?"

"எட்டு மாசம். பரவால்லீங்க. நீங்க தூங்காம வந்தீங்களே." வண்டி நகர்றப்ப, "சீம்பால் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றாள். போசியை அவள் திறக்கவே இல்லை. எனக்குத் தெரியும்.

ஊடு வந்து ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலை. "ஏனுங்க, பட்டணத்துல என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?" என்று ஆத்தாயி கேட்டே விட்டாள். சொன்னேன். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள், அந்த வாளியோடவே திரும்பி வந்து, "நீங்க பண்ணுனதுக்கு அவ பேச்சு வாங்கறதா? காயிதத்தை எடுங்க" என்றாள்.

அம்மா, பாப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷம் உதவித்தொகை கிடைக்கத் தாங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பொறுப்பில்லாத பெண் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆறு வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியதை எழுந்து நின்று சொல்லி, வெளியில் முட்டி போட்டவள் அவள். தப்பைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. தகப்பன் தப்புக்கு மட்டும் பொய் சொல்லிவிட்டாள். தண்டனை என்னவோ அதை எனக்குக் கொடுங்கள். அறுவடை முடிந்ததும் வந்து எட்டு மாதம் கண்ணாடிக் குப்பி கழுவித் தருகிறேன். சாப்பாடு நானே பார்த்துக்கொள்வேன். உள்ளே வர மாட்டேன், வராந்தாவிலேயே கழுவுவேன்.

தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அந்த முழங்கால் டாக்டருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
அர்த்தநாரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டதால் இதை வெளிப்பக்கத்தில் எழுதுகிறேன். தபாலாபீசுக்குக் கிளம்பும்போது பாப்பாவின் கடிதம் வந்தது. என்னை ரயிலேற்றிவிட்டு வந்த அன்றைக்கே தங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். தாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்களாம். டி.ஆர்.என்.ஏ. வெயிலுக்கெல்லாம் லேசில் கெடாதாம், கூட இருந்த வேறு சரக்குதான் கெட்டதாம், மூன்று வாரத்தில் திரும்பச் செய்துவிடலாமாம். கையெழுத்தும் போட்டுவிட்டீர்களாம். கடைசியில், "அப்பா, அம்மா சொல்றாங்கன்னு புரொபசருக்குக் காயிதம் கீயிதம் எழுதிப்போடாதீங்க, மானம் போயிரும்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, ஆத்தாயியும் வாசலில் நிற்கிறாள். ஆகவே தாங்கள் இதைப் படித்ததும் கிழித்துப்போடவும். பாப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாதுங்க.