இடது கால் வைக்க ஓர் இடம்

கொரட்டூர், சென்னை – 80
ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான், செய்யாறு திரு. பரந்தாமன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராஜகுமாரியின் கணவன் சுப்பராயன் பணிவன்புடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு நீங்களும் கமலம் அக்காவும் உடம்பு, மனசு இரண்டிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். "போன்ல சொன்னா பாதியை முழுங்கிடுவீங்க. கைப்பட எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க" என்பது உங்கள் தங்கையின் உத்தரவு. விஷயம் இதுதான். உங்கள் தங்கை என் காரில் ஏற மாட்டேன் என்கிறாள். அவள் ஏறுவதும் ஏறாததும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து, மேலே படிக்கவும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கார் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். வாங்குவது அல்ல, செய்வது. சட்டம், இன்ஜின், சீட்டு, சக்கரம் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், புத்தகத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். "மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கலையா?" என்று நீங்கள் உங்கள் தங்கையிடம் கேட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மேல்கூரை கிடையாது, இரண்டே சீட்டு. எங்கள் குடியிருப்பில் அதற்குக் குளியல் தொட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பையன் விஷால் வெளிநாடு போன பிறகு, பழைய காரின் பின்சீட்டு வெறுமனே கிடப்பதைப் பார்த்து உங்கள் தங்கைதான், "இனிமே நாம ரெண்டு பேர்தானே, எதுக்கு அஞ்சு சீட்டு?" என்றாள். அவள் சும்மா சொன்னாள், நான் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கும் வேலை தனியாக நடக்கிறது. அதுவரைக்கும் எங்கள் குடியிருப்பின் உள்ரோட்டில் ஒரு சுற்று, ஆயுத பூஜையன்று, நீங்கள் பூசணிக்காய் உடைக்க, நான் ஓட்ட, அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். இதற்குமேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை மச்சான்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து உட்கார்ந்து பார்த்தால், என் இடது காலுக்கு மட்டும் காரில் இடமில்லை. கிளச்சை மிதிக்கும்போது கால் கிளச்சில் இருக்கும், சரி. மிதிக்காத நேரத்தில் அது எங்கே போகும்? கடையில் வாங்குகிற காரில் கிளச்சுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு திண்டு இருக்கும். அது இருக்கும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் காரில் அந்த இடத்தில் வெறும் தகரம். போக்கிடமில்லாத கால் சுற்றிச் சுற்றி கிளச்சு மேலேயே வந்து உட்கார்ந்தது. உங்கள் தங்கையோ ஆவடி ஸ்கூலுக்கு வருஷக்கணக்கில் தானே காரோட்டிப் போய் வந்தவள். "கிளச்சு மேல கால வச்சிக்கிட்டே இருந்தா பிளேட்டு தேஞ்சிடும்னு எத்தனை தடவ சொல்றது? முதல்ல அந்தக் காலுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று முறுக்குத் தட்டோடு பார்க்கிங்கில் வந்து நின்று சொன்னாள். அப்போது நான் இன்ஜினைக்கூட ஸ்டார்ட் பண்ணவில்லை.

ஆட்டோக்காரர்கள் மாதிரி காலை மடித்து சீட்டுமேலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். மடித்த கால் மரத்துப்போய், கிளச்சு தேவைப்பட்ட நேரத்தில் வர மறுத்துவிட்டது. அடுத்து ஒரு செங்கல்லைத் துண்டில் சுற்றி வைத்தேன். காரை ஒரு முழம் நகர்த்திப் பார்க்கலாம் என்று ஸ்டார்ட் பண்ணினால், செங்கல் நைசாக உருண்டு கிளச்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, நான் மிதிக்கிறேன், அது இறங்க மாட்டேன் என்கிறது, கார் தன் பாட்டுக்குப் போய் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தியின் குரோட்டன்ஸ் தொட்டியை முட்டி நின்றது. தொட்டிதான் உடைந்தது, காருக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. உடைந்த தொட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உங்கள் தங்கை அதற்கும் என்னைத்தான் திட்டினாள். பூஜை போடாத வண்டியை யார் நகர்த்தச் சொன்னது என்று.

அதற்குப் பிறகுதான் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் கலீல் ரகுமானைப் பிடித்தேன். நல்ல மனுஷன், வேலையை ரசித்துச் செய்கிறவர். பைக்கில் வந்து, என்னை சீட்டில் உட்கார வைத்து, காலை இப்படி வை, அப்படி வை என்று, பட்டுப்புடவை டப்பாவின் அட்டையை வெட்டிச் சாய்வு எடுத்துக்கொண்டு போனார். இரும்புப் பட்டையில் அடித்தளம் செய்துவிட்டு, "சார், மேல எவர்சில்வர் தகடு போட்டா துரு புடிக்காது, மேல கூர வேற இல்லாத வண்டி. ஊட்ல பழைய தட்டு எதுனா கீதா?" என்று போனில் கேட்டார். நான் பரணில் ஏறினேன். மச்சான், இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

ஆமாம். அந்தத் தாம்பாளம்தான். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சீர்வரிசையில் வைத்துத் தந்தது. நீங்கள் வரும்போதெல்லாம் "எங்க அந்தத் தாம்பாளம்?" என்று கேட்பீர்களே, உடனே உங்கள் தங்கை அதில் வெற்றிலை, பழம் எல்லாம் அடுக்கிக்கொண்டு வருவாளே, அதுவேதான். (உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நானும் பதிலுக்கு அதைவிட அகலமாக ஒன்று வாங்கி, உங்கள் பெயரைவிடக் கொட்டையான எழுத்தில் 'மாப்பிள்ளை சுப்பராயன்' என்று பொறித்துத் தந்தது ஞாபகம் இருக்கலாம்.) பரணில் அரையிருட்டு, தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள், அதற்குமேல் தூசி. எனக்கு அது வெறும் தட்டாகத்தான் தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் கலீலிடம் கொடுத்த பிறகு, அவர் துணியால் துடைக்கும்போதுதான் புள்ளி புள்ளியாக உங்கள் பெயர் வந்தது. அதற்குள் ஒரு ஓரத்தில் கத்தரி விழுந்துவிட்டது.

வெட்டினது வெட்டினதுதான், பெயரையாவது அடிப்பக்கமாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கலீல் கொண்டு வந்து தரையோடு ரிவிட் அடித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, "பாருங்க சார்" என்றார். பார்த்தேன். 'அண்ணன் பரந்தாமன்' என்று நட்டநடுவில், மேல் பார்த்து, பளபளவென்று இருந்தது. 'அன்பளிப்பு' வெட்டில் போய்விட்டது. "இன்னா பாய் இது?" என்றேன், எனக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது. அவர் குறைப்பட்டுக்கொண்டார். "இன்னா சார், பெரிய மனுசன் பேர தரைய பாக்க போட சொல்றீங்க? மரியாதையா அது? மேல வச்சிக்கிறேன். அது மட்டுமில்ல, வெறும் எவர்சில்வர்னா கால் வழுக்கினு போவும். இந்தப் புள்ளி கீதே, செம கிரிப்பு." வைத்துப் பார்த்தேன் மச்சான், உண்மையை மறைக்க மாட்டேன். என் முட்டி மட்டும் ஸ்டீயரிங்கில் கொஞ்சம் இடித்தது. மற்றபடி உங்கள் பெயருக்கு இருக்கிற பிடிப்பு வேறு எதற்கும் வராது.

அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை காபி கொண்டு வந்தாள். என் கால் உங்கள் பெயர் மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். காபியை கலீலிடம் கொடுத்துவிட்டு, "எங்க அண்ணன் மொத சம்பளத்துல வாங்கினது" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள். ரப்பர் மேட் போட்டு மூடிவிடுகிறேன் என்றேன். "மூடினா எங்க அண்ணன் பேர் இல்லாம போயிடுமா?" பெயரைத் தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்றேன். "அண்ணன் பேரையே அழிக்கிறேன்றீங்களா?" கழற்றிவிடலாம் என்றால், ரிவிட்டைப் பிடுங்கினால் தரைத் தகடே கிழியும் என்கிறார் கலீல். "அண்ணன் வந்து பாத்துட்டு என்ன சொல்லுதோ, அதுவரைக்கும் நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். இப்போது தினமும் சாயங்காலம் நான் மட்டும் பார்க்கிங்கில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். காலை மடித்துத்தான் உட்காருகிறேன். பக்கத்து சீட்டைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த சீட்டு இல்லாவிட்டால் எனக்கு அந்தக் காரே வேண்டாம்.

ஆகவே மச்சான் பெரிய மனசு பண்ணி, 'மாப்பிள்ளை என் பெயர் மீது கால் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரே ஒரு வரி உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்பினால் போதும். திட்டுவதாக இருந்தால் அதை இன்னொரு தாளில் தனியாக எழுதவும். பூஜைக்கு வரும்போது தயவுசெய்து தாம்பாளம் எங்கே என்று கேட்க வேண்டாம். கமலம் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள்.

என்றும் தங்கள் பெயருக்குத் தலை (தலை மட்டும்) வணங்கும்,
மாப்பிள்ளை
சுப்பராயன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நீங்கள் படித்திருந்தால் மறந்துவிடவும். உறையில் போடும் முன் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். படித்தாள். சிரித்தாளா, மூக்கைச் சிந்தினாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கடிதத்தோடு நேரே பார்க்கிங்குக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, குனிந்து உங்கள் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி ஜம்மென்று அதன்மேல் வைத்தாள். அவளுக்கு முட்டி இடிக்கவில்லை. "என்னடி இது, நான் வச்சா குத்தம்னே?" என்று கேட்டேன். "நீங்க வச்சாதான் குத்தம். சின்ன வயசுல எங்க அண்ணன் பாதத்து மேல ஏறி நின்னுக்கிட்டுதான் நான் வீடு பூரா நடப்பேன். அது ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்குமா?" என்றாள். அப்புறம் கிளச்சை ஒரு தடவை மிதித்துவிட்டு, கால் தானாக உங்கள் பெயருக்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். வந்தது. ஆயுத பூஜையன்று அவள்தான் ஓட்டுகிறாளாம். நான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். எனக்குப் பரம சந்தோஷம் மச்சான், இரண்டு சீட்டும் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு குறை. அந்தப் பக்கமும் வெறும் தகரம்தான், கால் வைக்க ஒன்றுமில்லை. ஆகையால் பூஜைக்கு வரும்போது, உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நான் தந்த தாம்பாளத்தை மறக்காமல் எடுத்து வரவும். பொரி, பூ, பழம் எல்லாம் அன்றைக்கு அதில் வைத்துப் படைத்துவிட்டு, மறுநாள் கலீலிடம் கொடுத்துவிடலாம். என் பெயர் மேல் நான் கால் வைத்துக்கொள்ள உங்கள் தங்கை சம்மதம் தந்துவிட்டாள்.