ஐஸ் கட்டிக்கு ஒரு டிரிப் ஷீட்

காலை சரியாக ஆறு மணிக்கு டிரைவர் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஐஸ் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. முந்தின நாள் தலையணை அளவுக்கு வைத்த கட்டி, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி ஒரு மூலையில் பம்மிக் கிடந்தது.

"போச்சா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"போகல. கொஞ்சம் மெலிஞ்சிருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பஸ்ஸில் எழுதிப் பழகிய கை. ஐஸுக்கும் டிரிப் ஷீட்தான் எழுத வந்தது. 'புறப்பாடு 6.00. சரக்கு: ஐஸ், முழுக் கட்டி. சேர்ந்தது: மறுநாள் 6.00. இறக்கிய சரக்கு: சோப்பு.'

இருபது வருஷமாக வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை ஏரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு டிரைவர் யாருக்காவது காய்ச்சல் வந்து, தன் லீவில் அவர்களுடைய பஸ்ஸை ஓட்டினார். இந்தத் தடவை முதல் முறையாகச் சேர்ந்தாற்போல் பதினைந்து நாள் லீவு. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய சின்ன ட்ரெய்லர் ஒன்றையும் வாங்கிவிட்டார். உள்ளே ஒரு மடக்குக் கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு. அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் ஏரிக்கரையில தங்குறோம்," என்று லீவின் முதல் நாளே அறிவித்தார்.

"எங்கயும் போகாம வீட்டுலயே இருக்கலாமே," என்றாள் அவள்.

அது குத்தல் என்று அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை தடவை ஏமாற்றியவனை வேறு எப்படிப் பேசுவாள்? "இந்த வாட்டி போயே தீருவோம்," என்றார், இன்னும் அழுத்தமாக.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி. அங்க கடை கண்ணி கிடையாது. எனக்கு டீ இல்லாம முடியாது. ரெண்டு நாளைக்குப் பால் கெடாம வைக்க ஒரு ஐஸ் பெட்டி செய்ங்க, வர்றேன்."

"ஒண்ணு வாங்கிடலாமே."

"வாங்கினதுல என்ன இருக்கு? உங்க கையால செஞ்சதுன்னா ஒரு சந்தோஷம்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

பிளைவுட்டில் பெட்டி, அதற்குள் ஒரு அங்குலத் தெர்மோகோல், அதற்கு மேல் தகரம், அடியில் உருகிய தண்ணீர் செடிக்குப் போக ஒரு குழாய். ஐஸ்காரர் தினமும் காலையில் வண்டியில் ஜூஸ் கடைகளுக்குப் போகிற வழியில் ஒரு கட்டி இறக்கிவிட்டுப் போவார். ஆறு மணிக்கு மூடினால் மறுநாள் ஆறு மணி வரை யாரும் திறக்கக் கூடாது என்பது சட்டம். காவலுக்கு மனைவி. சாயங்காலம் சாமான் வாங்க அவர் கடைத்தெருவுக்குப் போகும்போது, "நிதானமா பாத்து வாங்கிட்டு வாங்க, நான் பெட்டியப் பாத்துக்கிறேன்," என்று அவளே அனுப்பி வைப்பாள்.

முதல் சோப்புக்குப் பிறகு தெர்மோகோலை இரண்டு அங்குலமாக்கினார். உள்ளே இடம் சுருங்கிப் பால் பாத்திரம் நிற்க மறுத்தது. ஐஸும் நிற்கவில்லை. பெட்டியை உடைத்துப் பெரிதாக்கி மூன்று அங்குலம் வைத்தார். மறுநாள் டிரிப் ஷீட்டில் 'பாதி சோப்பு' என்று எழுத வேண்டியதாயிற்று.

"கனம் கூடக் கூட ஐஸ் குறையுதே, அது எப்படி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதுக்கு உள்ள புழுக்கமா இருக்கோ என்னவோ," என்றாள் மனைவி.

நான்கு அங்குலமானதும் பெட்டி ட்ரெய்லர் கதவுக்குள் நுழையவில்லை. குறுக்காக, தலைகீழாக, எப்படிச் சாய்த்தாலும் ஒரு முழம் வெளியே நின்றது. பிரித்து எடுத்துப்போய் உள்ளேயே வைத்து மறுபடி பொருத்தினார். பொருத்தி முடித்த பிறகுதான் மடக்குக் கட்டிலை விரிக்க இடமில்லை என்று தெரிந்தது.

"நாம எங்க படுக்குறது?"

"பெட்டி மேல."

"அப்ப ஐஸு சுகமா இருக்கும், நமக்குத்தான் ஜன்னி வரும்."

மச்சினன் ஒருநாள் எட்டிப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். பெட்டியைச் சுற்றி வர இடமில்லாமல் வாசலிலேயே நின்றான்.

"மாமா, இது ஐஸுக்குப் பெட்டியா, பாங்க் லாக்கரா? என்கிட்ட கம்பெனிப் பெட்டி ஒண்ணு சும்மாதான் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க, நாளைக்கே கிளம்பலாம்."

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "உன் பெட்டிய நீயே வச்சுக்கடா. உங்க மாமாவுக்கு என்ன கையில்லையா, காலில்லையா?"

தெர்மோகோலைப் போலவே டிரைவரின் நெஞ்சும் இரண்டு அங்குலம் கூடியது. அந்த வேகத்தில் வீட்டிலிருந்த இரண்டு கம்பளிகளில் ஒன்றைப் பெட்டிக்குச் சுற்றினார். மிச்சமிருந்த ஒன்றை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். காலையில் பெட்டியில் சோப்பும் இல்லை, சோப்பு வாசனைகூட இல்லை.

ஒன்று மட்டும் அவருக்கு வியப்பாக இருந்தது. அவள் கோபப்படவே இல்லை. அவர் ரம்பம் போட்டால், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தபடி ஏதாவது பேசுவாள். பையன் சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இறங்க மாட்டேன் என்று அழுத கதை. கூரை ஒழுகி, வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் தரையில் நின்ற கதை. ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கை வீங்கி, ஒற்றைக் கையால் பத்து நாள் சமைத்த கதை.

"எப்ப இது? எனக்குத் தெரியாதே."

"நீங்க அப்ப ரூட்ல இருந்தீங்க."

அடுத்த கதைக்கும் அதுதான் பதில். அதற்கடுத்ததற்கும். ரம்பத்தை நிறுத்திவிட்டு அவர் யோசித்துப் பார்த்தார். அந்த வீட்டில் நடந்தது எல்லாமே அவர் ரூட்டில் இருந்தபோதுதான் நடந்திருந்தது. அவருக்குத் தெரிந்த வீடு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போகிற வீடு. இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஏரியைக் காட்ட முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டு மறுபடி ரம்பத்தை அழுத்தினார்.

"மெதுவா போடுங்க. யார் துரத்துறா?" என்றாள் அவள்.

"லீவுதான் துரத்துது."

அவள் மரத்தூளை ஊதிவிட்டு, பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது தகரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டிரைவர் நோட்டில் எழுதினார்: 'சேர்ந்த சரக்கு: இல்லை. வண்டி பழுது.' அன்றைக்கும் பழக்கத்தில் ஒரு கட்டியை உள்ளே தள்ளி மூடிவிட்டு, நோட்டைக் கொண்டுபோய் அலமாரியில் போட்டார்.

"என்னை மன்னிச்சிடு. இந்தத் தடவையும் ஏமாத்திட்டேன்," என்றார்.

"விடுங்க. ஏரி எங்கயும் ஓடிப் போகாது," என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏமாற்றத்தை மறைக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சாயங்காலம் அவள் உள்ளே அவருடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லாததால் டிரைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். காலி வண்டியை மிதித்துக்கொண்டு வந்த ஐஸ்காரர் அவரைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

"என்னண்ணே, இந்நேரத்துக்கு வீட்டுல இருக்கீங்க! கடைக்குப் போகலையா?"

"இனிமே என்ன கடை? லீவு இன்னையோட முடிஞ்சது. நாளையிலேர்ந்து டூட்டி. நீங்களும் இனி ஐஸ் போட வேண்டாம்."

"பெட்டி?"

"என்ன செஞ்சும் ஒரு நாள்கூட தாங்கல."

ஐஸ்காரர் வண்டியில் தயாராக விரித்து வைத்திருந்த ஈரச் சாக்கைப் பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சத்தம் வந்த ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"உங்க லீவு முடியற வரைக்கும்தான்னு அக்கா அன்னிக்கே சொன்னாங்கதான்... அப்ப நாளையிலேர்ந்து, ஒரு துண்ட மட்டும் உடைச்சு உள்ள போட்டுட்டு, முனைகூட மழுங்காத மிச்சக் கட்டிய தினம் சாயங்காலம் என்கிட்டயே திருப்பித் தர மாட்டாங்களாண்ணே?"