நாத்திகனும் குளவிக்கூடும்

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் நான் நாத்திகனானேன். புத்தகம் படித்து அல்ல, முழங்கால் வலித்து.

என் மனைவி பூரணி வருடம் தவறாமல் சிவனொளிபாதமலை ஏறுவாள். அவள் ஏறினால் நானும் ஏறவேண்டும். "ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல மலையடிவாரத்து நல்லதண்ணி ஊருக்குப் போறோம்" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் வரல. நான் நாத்திகன்."

அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "அப்பிடின்னா?"

"சாமி இல்லங்கிற ஆளு."

"சரிங்க. தேங்கா துருவிக் குடுங்க."

"நாத்திகன்னு சொல்றேன்!"

"சாமிதானே இல்ல? தேங்கா இருக்குல்ல?"

துருவினேன். இவ்வளவு சுளுவாக ஜெயித்த சந்தோஷத்தில் விரலையும் சேர்த்துத் துருவியது தெரியவில்லை.

மறுநாள் காலை குழாயடிக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயமே என்னை ஒரு மாதிரி பார்த்தது. பூரணி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். காளியாயி அக்கா என்னைக் கண்டதும் தன் கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"சாமி பயமில்லாத ஆளு. எனக்கு இருக்கிறது ஒரே கோழி."

பக்கத்து வீட்டு மரியரட்ணம் வேறு மாதிரி. ஞாயிறு பூசை தவறாதவர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாத்திகன்னா நெறைய படிச்சிருப்பீங்க. எங்க டீவியில சத்தம் வருது, படம் வரல. என்னான்னு பாருங்க."

அன்று மாலை கோயில் தலைவர் மூக்கன் நாலு பேரோடு வந்தார்.

"அழகுமுத்து தம்பி, ஒங்களுக்குப் பயமே கெடையாதாமே?"

"யாருங்க சொன்னது?"

"பூரணிதான். முனியாண்டி மரத்துல குளவி கூடு கட்டிருக்கு. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க பயப்படுறாங்க. மரத்துல கைய வச்சா முனி கோவிச்சுக்கும்னு ஒரு பய ஏறமாட்டேங்கிறான். ஒங்களுக்குத்தான் முனி இல்லையே!"

"முனிதாங்க இல்ல. குளவி இருக்குங்களே!"

"மொதலாளியே இல்லங்கிறீங்க. வேலக்காரனுக்குப் பயப்படலாமா? ஞாயித்துக்கெழம காலையில ஏணி ரெடி."

அவர்கள் போனதும், பூரணி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் பாய்ந்தேன்.

"பூரணி! நாத்திகன்னா சாமி இல்லன்னு சொல்றவன். அம்புட்டுத்தான்! கோழிக்கள்ளன்னு அர்த்தமில்ல. டீவி திருத்துறவன்னு அர்த்தமில்ல. குளவிய வெரட்டுறவன்னும் அர்த்தமில்ல!"

"ரொம்பச் சரிங்க" என்றாள் பூரணி. "மல ஏறமாட்டாதவன்னும் அர்த்தமில்லல்ல?"

முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம நீங்க தோட்டத்துலயே இல்லாட்டி, ஏணியில யார ஏத்துவாங்க?" என்று அவளே வழியும் காட்டினாள்.

ஞாயிறு விடிந்ததும் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறியவன் நான்தான். பாதி வழியில் அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "அந்தக் கூட்ட நேத்தே தோட்டத்து ஆபீசுலருந்து ஆளு வந்து எடுத்துட்டாங்க. சொல்ல மறந்துட்டேன்."

நான் இறங்க எழுந்தேன். பஸ் நிற்கவில்லை.

ஏறினேன். படிக்கட்டில் ஏறினேனா, படிக்கட்டு என்மேல் ஏறியதா என்று தெரியவில்லை. உச்சிக்குப் போனபோது என் நாக்கு எனக்கு முன்னால் போயிருந்தது. சுற்றிலும் ஆட்கள் மணி அடித்தார்கள், கும்பிட்டார்கள், கண்ணீர் விட்டார்கள். பூரணி மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து, கீழே பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிடலயா?" என்றேன், இரண்டு மூச்சில்.

"யாரு, நானா? எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் சின்ன வயசுலயே போயிருச்சுங்க."

"நீயும் நாத்திகமா? அப்ப எதுக்கு... வருசா வருசம்... என்னயும்..."

மேற்கொண்டு மூச்சு வரவில்லை. பூரணி என்னை அன்போடு பார்த்தாள்.

"வருசத்துல இந்த ஒரு நாள்தாங்க உங்களால பேச முடியாது."