மலாவிக்குப் போன டபுள் விசில்

காலி சீட்டோடு ஒரு வண்டி போவதைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மத்திகிரி சபையில் இருக்கிறார். சொந்தப் பெயர் ஏதோ உண்டு. ஞானஸ்நானம் கொடுத்தவருக்கே அது மறந்துபோயிருக்கும். நாங்கள் டபுள் விசில் என்றுதான் சொல்லுவோம்.

முப்பது வருஷம் ஓசூர் – கிருஷ்ணகிரி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். வேலையை விட்டவர் விசிலை விடவில்லை. கோயிலில் முன்பெஞ்சு நிறையாமல் பின்பெஞ்சில் யாரையும் உட்காரவிடமாட்டார். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்குது" என்பார். ஜவளகிரிக்குக் கல்யாண வேன் போனபோது ஏழு சீட்டு மிச்சம் இருந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஏழு பேரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். அவர்களுக்கு மாப்பிள்ளையும் தெரியாது, பெண்ணும் தெரியாது. சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்டவர் ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். சபையிலிருந்து பன்னிரண்டு பேர் மலாவி தேசத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஒருவர் வரமுடியவில்லை. ஒரு இடம் காலி என்று காதில் விழுந்ததும் இவர் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி பாஸ்போர்ட்டு?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் எடம் காலியாவும்னு எடுத்து வெச்சேன்க்கா."

நான் சமையலுக்குப் போனேன். என் ரசம் இல்லாமல் இந்த டீம் இரண்டு நாள் தாங்காது என்று பாஸ்டரே சொன்னார். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை.

விமானத்தில் ஏறினதும் டபுள் விசில் சீட்டுகளை எண்ணினார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "மூணு சீட்டு காலியா போவுதும்மா. கேட்டாண்ட யாராச்சும் நிப்பாங்க, ஒரு எட்டு பாரும்மா" என்றார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மலாவியில் காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவோம். சாயந்திரம் பாட்டு. அந்த ஊர்ச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டின வெள்ளைக் களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த எங்களுக்கு நிறம்தான் புதுசு. களி கிண்டுகிற துடுப்பைப் பிடிக்கிற விதத்தை அந்த ஊர்ப் பெண்களுக்கு நான் காட்டினேன். அவர்கள் எனக்குக் காட்டினதாக மற்றவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை.

டபுள் விசிலுக்குப் பாட வராது, பேச வராது. கஞ்சி வரிசையைப் பார்த்துக்கொண்டார். அந்த ஊர்ப் பாஷை தெரியாதது அவருக்கு ஒரு குறையே இல்லை. முதலில் தமிழில் சொல்லுவார். புரியாவிட்டால் கன்னடம். அதுவும் புரியாவிட்டால் தெலுங்கு. மூன்றும் புரியாமல் ஒரு மனிதன் இருக்கமுடியும் என்பதை அவர் கடைசிவரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "புரியாத மாதிரி நடிக்கிறான்க்கா. நம்ம ரூட்டுல எத்தினி பேரைப் பாத்திருக்கேன்" என்பார்.

கடைசி வாரம் கண் சிகிச்சை முகாம். ஒரு மணி நேரம் தள்ளி டவுனில் மிஷன் ஆஸ்பத்திரி. வந்திருந்த கண் டாக்டர் பதினொரு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிறார். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். டீம் ஆட்கள் எங்கள் வேனில் முதல் நடையில் போய்விட்டார்கள். இரண்டாம் நடையில் ஒன்பது நோயாளிகள், பாஸ்டர், மொழிபெயர்க்கிற வாத்தியார், டபுள் விசில், நான்.

டபுள் விசில் தலை எண்ணினார்.

"பாஸ்டர், ஒரு டிக்கெட் கொறையுது. வேர்க்கடலை எஸ்தரைக் காணோம்."

எஸ்தர் சந்தையில் வேர்க்கடலை விற்கிறவள். இரண்டு கண்ணிலும் புரை. கடலையைத் தடவிப் பார்த்துத்தான் அளப்பாள்.

"தேடியாச்சு பிரதர். ஒருத்தருக்காக எட்டுப் பேர் கண்ணு போகணுமா? ஏறுங்க" என்றார் பாஸ்டர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"நீங்க போங்க. நான் அடுத்த வண்டியில கூட்டியாறேன்."

"இந்த ஊர்ல அடுத்த வண்டி எங்க இருக்குது?"

தொலைந்த ஒரு பொம்பளையைத் தேட ஆம்பிளை ஒருவர் போதாது என்று நானும் இறங்கினேன். டபுள் விசில் இரண்டு விசில் அடித்தார். வேன் போய்விட்டது.

எஸ்தர் மக்காச்சோளக் கொல்லைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயம். பாஷை தெரியாமல் இது எப்படித் தெரிந்தது என்றால், கிருஷ்ணகிரியில் எனக்குக் கண் ஆபரேஷன் என்றபோது நான் ஆஸ்பத்திரிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள். அவள் விரலை எடுத்து ஆபரேஷன் ஆன என் கண்மேல் வைத்தேன். முந்தானையில் குத்தியிருந்த ஊசியில் நூல் கோத்து அவள் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள். நூலை உருவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் கோத்தேன். மறுபடியும் உருவினாள். மூன்றாம் தரம் கோத்துக் கொடுத்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மணி ஒன்பதே முக்கால்.

ரோட்டில் ஒரு மினிபஸ் நின்றிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகக் காலை நீட்டிப் படுத்திருந்தான். அங்கே வண்டி நிறைந்தால்தான் எடுப்பார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. பதினாலு சீட்டு. நாங்கள் மூன்று பேர்.

"கெஞ்சிப் பாருங்க தம்பி" என்றேன்.

"கெஞ்சக்கூடாதுக்கா. அவன் பண்றது நாயம். காலி வண்டிய எடுக்கறவன் என்னா டிரைவரு?"

சொல்லிவிட்டுப் படியில் ஏறி நின்றார். வாழ்நாளெல்லாம் இதற்காகத்தான் காத்திருந்தவர் போல ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் கதவை ஓங்கித் தட்டி மூன்று பாஷையிலும் கூப்பிட்டார். "ஏறு ஏறு ஏறு. ஆஸ்பத்திரி, மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி. ஹத்ரி ஹத்ரி. எக்கண்டி எக்கண்டி. சீட்டு இருக்குது, சீட்டு இருக்குது."

என்ன சத்தம் என்று பார்க்க ஊரே வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களை அவர் ஏற்றிவிட்டார். ஒரு அம்மாள் இரண்டு கோழியோடு ஏறினாள். சைக்கிளில் போனவர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு ஏறினார். தண்ணீர் மொள்ள வந்தவர் குடத்தோடு உட்கார்ந்தார். அவருக்கு டவுனில் என்ன வேலை என்று அவருக்கே தெரிந்திருக்காது. பத்து நிமிஷத்தில் பதினாலு சீட்டில் இருபத்திரண்டு பேர். "இன்னும் ரெண்டு பேரு நிக்கலாம்" என்று டபுள் விசில் சொன்னபோது டிரைவரே பயந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இரண்டு விசில். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எஸ்தரைப் பார்த்துவிட்டு வேறு கையுறை எடுத்து மாட்டினார். மறுநாள் கட்டுப் பிரித்ததும் அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். டபுள் விசில் அங்கே இல்லை. வெளி நோயாளிகளை வராந்தாவில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பின பிறகு சபையில் அறிக்கைக் கூட்டம். திரையில் படம் காட்டினார்கள். நான் இரண்டு படத்தில் இருந்தேன். அவர் ஒன்றிலும் இல்லை. பாஸ்டர் நல்லவர், மறந்துவிட்டார். "கர்த்தருடைய கிருபையால ஒன்பது பேரையும் நம்ம வேன்லயே கொண்டுபோய்ச் சேர்த்தோம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். சபை நடுவில் எழுந்து பேசினது கிடையாது. எழுந்தேன்.

"எட்டுப் பேருதான் பாஸ்டர் வேன்ல போனாங்க" என்றேன்.

வாசல் ஓரம் நின்றிருந்த டபுள் விசில் தலையைக் குனிந்துகொண்டு, "உக்காருங்கக்கா, வண்டி போய்க்கினு இருக்குது" என்றார்.

அந்த ரூட்டில் முப்பது வருஷமாக அவர் சொல்லி உட்காராத ஆள் இல்லை. நான் உட்காரவில்லை. எஸ்தர் எப்படி வந்துசேர்ந்தாள் என்று முழுக்கச் சொல்லி முடிக்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.