வெப்சைட்டை எவன்ணே பாக்குறான்?

கோச்சடை இன்பசேகரன் தம் வாழ்நாளில் போட்ட தீர்மானங்கள் ஏராளம். அவற்றில் ஆகப் பெரியது, மகள் ஜெஸியோடு இந்த வீட்டுக்கு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது. தீர்மானம் போடுவது அவர் வேலை. அதை நிறைவேற்றுவது மனைவி பெர்சியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான் நடைமுறை.

ஜெஸி செய்த குற்றம், கீழக்குயில்குடி அழகுபாண்டியை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டது. பையன் விவசாயக் குடும்பம். வேறு சாமி கும்பிடுகிறவன். மொபைல் ஆப் செய்யும் கம்பெனியில் வேலை.

"சாமி வேறன்னாக்கூட மனசைத் தேத்திக்குவேன். ஆப் செய்யிறவனைப் போய்க் கட்டியிருக்காளே!" என்று இன்பசேகரன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை. உண்மையான வலி வேறு. மகளுக்குக் கல்யாணம் என்ற செய்தி அவருக்கு அண்ணன் மகனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கிடைத்தது. கழுத்தில் மாலையோடு ஜெஸி சிரிக்கிறாள். கீழே நாலு பூ பொம்மை. மறுநாள் ஸ்டேட்டஸ் தானாக மறைந்துவிட்டது. அவர் நெஞ்சிலிருந்து மறையவில்லை.

அதற்கும் முந்தின வாரம் அவள் "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்ப்பா" என்று அவர் நாற்காலி அருகே வந்து நின்றதும், "இரு, மொதல்ல இதைக் கேளு" என்று ஆப்புகள் வந்து இன்டர்நெட்டை எப்படிக் கெடுத்தன என்று அவர் ஒரு மணி நேரம் பேசியதும், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனதும் அவருக்கு நினைவிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டேட்டஸைப் பார்த்த அன்றே சமையலறை வாசலில் வைத்துத் தீர்மானம் நிறைவேறியது.

"பெர்சி, வாக்குக் குடு. அவளோட போன்ல பேசக் கூடாது."

"பேசலை."

"மெசேஜ், வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம். எதுவும் கூடாது."

"டெலிகிராம் எனக்கு என்னன்னே தெரியாது."

"தெரிஞ்சுக்கவும் கூடாது. நேர்ல போய்ப் பாக்கக் கூடாது. ஆள் விட்டுச் சொல்லியனுப்பக் கூடாது. ஜிபேல ஒரு ரூபா அனுப்பிட்டு, அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதுறதும் கூடாது."

"அதுல எழுதலாமா? இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சே."

"கூடாதுங்கிறேன்!"

பெர்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கொடுத்த வாக்கை மீறியது கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இன்பசேகரன் யோசித்தார். இருபத்தைந்து வருஷம் இன்டர்நெட் தொழிலில் ஊறியவர். ஒரு பொந்துகூட மிச்சமில்லை என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"எதுவும் விடலை."

இங்கே அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட் பார்க்க மதுரை ஜனம் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்ற காலத்திலேயே வெப்சைட் செய்ய ஆரம்பித்தவர் இன்பசேகரன். பக்கத்தின் உச்சியில் 'வருக வருக' ஓடும். ஓரத்தில் விளக்கு எரியும். அடியில் இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கவுண்டர் எண்ணிக்காட்டும். கடைக்காரர்கள் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து அந்த எண்ணைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. உலகமே உள்ளங்கைக்குள் போய்விட்டது. போகும்போது இன்பசேகரனை வெளியே விட்டுவிட்டது.

"வெப்சைட்டுங்கிறது சொந்த வீடு. ஆப்புங்கிறது லாட்ஜுல ரூம் போட்ட மாதிரி. காலி பண்ணுன்னா பொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்பது அவர் கொள்கை. கேட்பதற்குத்தான் ஆளில்லை. கடைசியாக மிஞ்சிய வாடிக்கையாளர், திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீரணன். அவரும் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இந்த வருசத்தோட சைட்டை நிறுத்திருவோம்ணே."

"ஏன், என்ன குறை?"

"குறையெல்லாம் இல்லண்ணே. என் மச்சினன் மக இட்லிக் கொப்பரையைத் தலையில கவுத்துக்கிட்டு ரீல்ஸ் போட்டுச்சு. அம்புட்டுக் கொப்பரையும் வித்துப்போச்சு. வெப்சைட்டை இப்ப எவன்ணே பாக்குறான்?"

டீ கசந்தது. அன்றிலிருந்து இன்பசேகரன் கையில் இருந்தது ஒரே ஒரு வெப்சைட். அவர் சபைக்கு ஊழியமாகச் செய்து கொடுத்தது. அதில் 'ஜெப விண்ணப்பம்' என்று ஒரு பக்கம் உண்டு. கஷ்டத்தில் இருப்பவர்கள் பேரையும் குறையையும் எழுதினால், வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் பெர்சி அதை வாசித்து ஜெபிப்பாள். அந்தப் பக்கத்தை அவர் செய்து முடித்த நாளில் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் டைப் செய்து பார்த்தது ஜெஸிதான். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. 'அப்பாவுக்கு முதுகுவலி போகணும்' என்று எழுதியிருந்தாள். இப்போது அங்கே யாரும் எழுதுவதில்லை. கவுண்டர் நின்ற இடத்திலேயே நின்றது.

ஜெஸி போன இரண்டாம் மாதம் கவுண்டர் நகர்ந்தது.

முதலில் எழுதியவர் பெயர் தங்கப்பொண்ணு. 'மூட்டுவலியால் வருந்தும் என் தாயாருக்காக ஜெபியுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா தெரியவில்லை.' இரண்டு நாளில் சூசையம்மாள் என்று ஒருவர் வந்தார். 'மூட்டுவலி தேவலை, ஸ்தோத்திரம். என் மகள் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதபடிக்கு ஜெபியுங்கள்.'

இன்பசேகரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பெர்சி! தங்கப்பொண்ணுன்னு ஒரு இந்துப் பொண்ணு எழுதியிருக்கு. சூசையம்மாள்னு ஒரு கத்தோலிக்க அம்மா எழுதியிருக்கு. நம்ம சைட்டுக்கு எல்லாச் சாதி சனமும் வருது, பாத்தியா?"

"ஆண்டவர் பெரியவர்ங்க" என்றாள் பெர்சி, கீரை ஆய்ந்துகொண்டே.

நாளாக ஆக விண்ணப்பங்கள் பெருகின. கவுண்டர் தினமும் ஏறியது. சிலது அவருக்கே வினோதமாகப் பட்டது. 'கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என் கைக்கு வரவில்லை. புளி எம்புட்டு என்று வெளிப்படுத்தப்பட ஜெபியுங்கள்' என்று தங்கப்பொண்ணு கேட்டிருந்தாள். 'சின்ன எலுமிச்சம்பழம் அளவு என்று உணர்த்தப்பட்டேன். வெல்லம் கிள்ளிப் போடவும். ஆமென்' என்று சூசையம்மாள் பதில் எழுதியிருந்தார். இப்படியும் விசுவாசமா என்று வியந்து, இரண்டையும் அனுமதித்துப் பக்கத்தில் ஏற்றினார்.

வீரணனுக்குப் போன் போட்டுக் கவுண்டரை வாசித்துக் காட்டினார். "எவன்ணே பாக்குறான்னு கேட்டீங்களே, இப்பச் சொல்லுங்க! ஜனங்க திரும்பி வர்றாங்க. ரீல்ஸ் பாத்துச் சலிச்சுப்போச்சு அவங்களுக்கு."

ஒருநாள் பெர்சி காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அந்தப் பக்கம் போன்ல எழுத்து எறும்பு எறும்பாத் தெரியுதாம்ங்க. எழுதினதும் உடனே வர மாட்டேங்குதாம். நீங்க பாத்து விடுறதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிருதாம்."

"யாரு சொன்னா?"

"வர்றவங்கதான்."

வெப்சைட்டைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும், போனுக்காகச் சுருக்கித் தர முடியாது என்பது இன்பசேகரனின் பழைய சபதம். அதற்காகவே பல வாடிக்கையாளர்களை இழந்தவர். ஆனால் 'வர்றவங்க' என்ற சொல் அவரைக் கரைத்துவிட்டது. ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து, எந்தப் போனிலும் பளிச்சென்று தெரியும்படி மாற்றினார். எழுதினால் அந்த நொடியே பக்கத்தில் வரும்படியும் செய்தார். பெர்சி அன்று அவருக்குப் பிடித்த அயிரைமீன் குழம்பு வைத்தாள். காரணம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் தங்கப்பொண்ணு எழுதினாள். 'நான் தாயாகப் போகிறேன். என் தகப்பனார் என்னோடு பேசுவதில்லை. அவர் மனம் இளகும்படி ஜெபியுங்கள்.'

வாசித்துவிட்டு இன்பசேகரன் மறுபடியும் ஒருமுறை வாசித்தார். பிறகு சமையலறைக்கு வந்தார்.

"இவன் என்ன அப்பன் பெர்சி? பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கெஞ்சுது. ஒரு வார்த்தை பேசுனா வாயில முத்தா உதிர்ந்துரும்?"

"அவருக்கு என்ன வருத்தமோ, பாவம்."

"என்ன பெரிய வருத்தம்? பிள்ளையை விடவா?"

பெர்சி அடுப்பைச் சிறிதாக்கினாள். "நல்லாச் சொன்னீங்க. அதை அந்தப் பொண்ணுக்கு எழுதுங்களேன். ஆறுதலா இருக்கும்."

எழுதினார். 'சகோதரி, கலங்காதீர்கள். உங்கள் தகப்பன் ஒருநாள் உங்கள் வாசலில் வந்து நிற்பார். நிற்காவிட்டால் அவர் மனுஷனே அல்ல. இப்படிக்கு, இணையதளப் பொறுப்பாளர்.' எழுதி முடித்தபோது உள்ளே ஏதோ சுருக்கென்றது. என் சங்கதி வேறு என்று சொல்லிக்கொண்டார். ஊரில் அத்தனை பேரும் தத்தம் சங்கதி வேறு என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதன்பிறகு காலையில் பல் துலக்குமுன் அந்தப் பக்கத்தைத் திறப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. தங்கப்பொண்ணுக்கு வாந்தி நின்றதா, இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொண்டதா என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டார். குழந்தைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்றுகூட ஒருநாள் யோசித்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை திறந்தபோது ஒரு புதிய விண்ணப்பம் இருந்தது.

'குழந்தை தங்கவில்லை. இத்தனை நாள் ஜெபித்தவர்களுக்கு நன்றி.'

அவ்வளவுதான் இருந்தது. இன்பசேகரனுக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது. தன் வீட்டில் நடந்ததுபோல இருந்தது. "பெர்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தார். பெர்சி பைக்குள் பிளாஸ்கையும் பழைய வேட்டித் துணியையும் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அந்தத் தங்கப்பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பாத்துட்டேன். கெளம்புங்க."

"எங்க?"

"திருப்பரங்குன்றம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு."

"அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாள் வலின்னு சேத்தப்பவே எழுதினா. டாக்டர் பேரைச் சொல்லி ஜெபம் கேட்டாளே. அந்த டாக்டர் இருக்கிறது அங்கதான்." பெர்சி பையைத் தோளில் மாட்டினாள். "பெத்தவளுக்குப் புரியுறது உங்களுக்குப் புரியலையேங்க."

இன்பசேகரனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. முதுகுவலி, மூட்டுவலி, எலுமிச்சம்பழம், அயிரைமீன். துக்கம் பெரிதாக வந்தது. அதற்கு முன்னால் பாழாய்ப்போன ரோசம் வந்துவிட்டது.

"வாக்குக் குடுத்தியே பெர்சி."

"குடுத்தேன். காப்பாத்துனேன். போன்ல பேசலை. மெசேஜ் அனுப்பலை. ஜிபேல ஒத்த ரூபா அனுப்பலை. ஆண்டவர்கிட்ட எழுதுனேன். அவளும் ஆண்டவர்கிட்டதான் எழுதுனா. நீங்க வரிசையாச் சொன்னதுல வெப்சைட்டு இல்லையே. விட்டுப்போச்சான்னு கேட்டேனே."

உலகம் வெப்சைட்டை மறந்துவிட்டது என்று இத்தனை வருஷம் புலம்பிய மனிதர், தாமும் அதை மறந்திருந்தார். ஆனாலும் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

"நேர்ல பாக்கக் கூடாதுன்னு சொன்னேனே. இப்பப் போறியே?"

"நான் எங்க பாக்கப் போறேன்? வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். உள்ள போறது நீங்க. வாசல்ல வந்து நிப்பாருன்னு உங்க கையால எழுதியிருக்கீங்க. நிக்காட்டி என்னன்னும் எழுதியிருக்கீங்க."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகுபாண்டி நின்றிருந்தான். சட்டை கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. "வாங்க மாமா" என்று மட்டும் சொல்லி வழிவிட்டான். பெர்சி சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்பசேகரன் வாசற்படி வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து மனைவியின் கையைப் பிடித்தார்.

"நீயும் வா பெர்சி. நான் சொன்னது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிட்டேன். எதுவும் விடலை."

உள்ளே ஜெஸி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா தொட்டதும் திரும்பி, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். இன்பசேகரன் கட்டிலின் கால்மாட்டில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் அவருக்கு வருவது ஒரே பேச்சுத்தான்.

"அந்தப் பக்கத்துக்கு அம்புட்டுப் பேர் வந்தாங்கம்மா. இந்தக் கொஞ்ச மாசத்துல கவுண்டர் நாலாயிரம் ஏறிருச்சு. உனக்காக எத்தனையோ பேர் ஜெபம் பண்ணியிருக்காங்க..."

ஜெஸி அம்மா மடியிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அது பூரா நான்தாம்ப்பா. நீங்க ஏதாச்சும் எழுதியிருக்கீங்களான்னு தெறந்து தெறந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."