டிரம் பாய் வெட்டிப் பார்த்த மூலை

மனநலம் பற்றி மூன்று தடித்த புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்த நான், டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை மூன்றாவது மாதம் நானே நிறுத்தினேன். குளிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தவனை எழுப்பி வேலைக்கு அனுப்பிய மாத்திரை அது. 'அதான் சரியாகிவிட்டதே!' மனைவியிடமும் சொல்லவில்லை. மிச்ச அட்டையை மூன்றாவது புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்தேன்.

தலைக்கான மாத்திரை பற்றி ஆம்பூரில் டிரம் பாயை மிஞ்ச ஆள் கிடையாது. நான் ஏற்றுமதிக் கடிதம் எழுதும் தோல் தொழிற்சாலையில், தோலைப் பதனிடும் ராட்சத மர டிரம்களை ஓட்டுபவர். ஊரே இத்தகைய மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லி ஒளித்து விழுங்கும். பாய் கேன்டீனில் டம்ளரைத் தட்டி, "தல மாத்திர டைம்!" என்று அறிவித்துவிட்டு விழுங்குவார்.

புது மேனேஜர் ஒருமுறை, "ஏன் பாய், இதெல்லாம் அவசியமா?" என்றார்.

"போட்டா நான் டிரம் ஓட்டுறவன் சார். போடலன்னா கம்பெனிக்கே ஓனர். ஒரு தபா மூணு நாளு தூங்காம, உங்க சீட்ல குந்திக்கினு ஆர்டர் போட்டேன்."

அவருக்கு, மனம் எல்லை மீறித் துள்ளாமல் பிடித்துவைக்கும் லித்தியம். "இதுவும் ஒரு உப்புதான் சார். தோலு கெடாம இருக்க அந்த உப்பு, தல கெடாம இருக்க இந்த உப்பு." கை லேசாக நடுங்கும், தாகம் ஜாஸ்தி. வேர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும் என்பதால் பெரிய பாட்டிலோடுதான் திரிவார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மகளின் மார்க் ஷீட் போல எல்லோருக்கும் காட்டுவார்.

நான் நிறுத்திய மூன்றாம் நாள், தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் சுண்டி இழுத்தது. கிறுகிறுப்பு வேறு. செல்போனில் தேடி, மூளையில் கட்டி என்று முடிவு கட்டினேன்.

"சார், மாத்திர நிறுத்திட்டீங்களா?" பாயின் குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது.

"எந்த மாத்திரை?"

"டெய்லி டிபன் முடிச்சதும் தண்ணி பாட்டிலோட பாத்ரூம் போவீங்களே, அது. மூணு நாளா போவல."

கையைப் பிடித்து டிரம்முக்கு இழுத்துப் போனார். பாதி பதப்பட்டிருந்த ஒரு தோலை எடுத்து மூலையை வெட்டினார். வெட்டிய விளிம்பில் மேலும் கீழும் பதனிடும் மருந்து ஏறிய அழகான நீலம்; நடுவில் மருந்து ஏறாத வெளுத்த கோடு.

"மேலால பாத்தா ரெடி. நடுவுல இன்னும் பச்சத் தோலு. இப்ப எடுத்தா கெட்டுப் போவும். எந்தத் தோலாவது, போதும் எறக்குன்னு டிரம் கதவத் தட்டிச்சா?"

"அடிமையாகிடுவேனோன்னு..."

"ஒடம்பு பழகியிருக்கு சார், அவ்ளோதான். சட்டுனு நிறுத்துனா ஷாக் அடிக்கும். கொஞ்சங்கொஞ்சமா டாக்டர்தான் எறக்கணும்."

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டு, பஸ்ஸில் வேலூருக்கு என் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையால் வேறு தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டார். "வாய் உலர்கிறது," என்றேன். பாய் எழுந்தார்.

"நான் வெளிய நிக்கிறேன் டாக்டர். சாரு இன்னொண்ணு சொல்லணும், வெக்கப்படுறாரு. மாத்திர போடுற எனக்குத் தெரியாதா?"

சொன்னேன். படுக்கையறைச் சங்கதி; நான் நிறுத்தியதற்கு உண்மைக் காரணமே அதுதான். பலருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சாதாரணமாக மருந்தை மாற்றி எழுதினார். மூன்று புத்தகம் படித்தவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து டாக்டரே நிறுத்தினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிரம் பக்கம் போனேன்.

"பாய், நான் இறங்கிட்டேன்! வெட்டிப் பாக்குறீங்களா?"

பாய் என் காது மடலைப் பிடித்து, தோலைத் தரம் பிரிப்பவர் போல விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணாம் தரம்தான் சார். ஷூவுக்கு மேல போட முடியாது," என்றார். "உள்ள போடலாம். காலுக்கு மெத்துனு இருக்கும்."